பக்கத்து இருக்கைக் குரல்

வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். அதனாலோ என்னவோ, கார் ரேலி பார்த்தால் ஓட்டுநரைவிட, பக்கத்தில் அமர்ந்து பாதைக் குறிப்புகளை வாசிப்பவர்தான் என்னைக் கவர்கிறார்.

2021 குரோவேஷியா ரேலியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், 20 கட்டங்கள், சுமார் 300 கிலோமீட்டர் தார்ச்சாலை. செபாஸ்தியன் ஓஜியே வென்றது வெறும் 0.6 வினாடியில்! முன்னே போகும் கார்கள் வளைவுகளில் ஓரத்து மண்ணை இழுத்துப் போட, பின்னால் வருபவர்களுக்குச் சாலை வழுக்கும். அடுத்த வளைவு எவ்வளவு கூர்மை, எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று ஜூலியன் இங்ராசியா வாசித்தபடியே வந்தார். முந்திச் சொன்னால் குழப்பம். பிந்திச் சொன்னால் விபத்து.

வீட்டில் நாம் எப்படி? எல்லாம் முடிந்த பிறகு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்போம். இங்ராசியாவுக்கு அந்த வசதி இல்லை. கார் கவிழ்ந்தால் அவரும் உள்ளேதான் இருப்பார்.