கோப்பாய்க் கோவிலின் ஏடுகள்

காணி வழக்கொன்றிலே பூட்டனாரின் விவாகத்தை நிரூபிக்க வேண்டி வரும்போதுதான், பழைய கோவிற்பற்றின் இடாப்புக்குள்ள பெறுமதியை நம்மவர் உணருகின்றனர்.

கோப்பாயையே எடுத்துக்கொள்வோம். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் ஊர்தோறும் கோவில் எழுப்பினர். 1658இல் வந்த ஒல்லாந்தர் அவற்றைத் தமதாக்கினர். பல்தேயு பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலிலே வலிகாமத்துக் கோவில்களுள் ஒன்றாகக் கோப்பாயும் கூறப்படுகின்றது. அக்காலக் கோவில் வழிபாட்டிடம் மட்டுமன்று. பள்ளிக்கூடமும் அதுவே, பதிவுக் கந்தோரும் அதுவே. ஞானஸ்நானமும் விவாகமும் உபாத்தியாயரின் தோம்பில் ஏறாவிடின் பிள்ளையின் முதுச உரிமை ஐயத்துக்கிடமாகும். ஆகவே வீட்டிலே திருநீறு பூசியோரும் கோவிலிலே பெயர் பதிந்தனர். இதனை மதமாற்றம் என்பதா, காணியைக் காத்த புத்தி என்பதா? நியாயவாதியாகிய நான் பின்னதையே சொல்வேன்.

1818 முதல் நல்லூரிலே பணியாற்றிய சேர்ச் மிஷனார், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பாயிலும் நிலையம் அமைத்தனர். அரசாங்கம் பிறப்பு இறப்புகளை முறையாகப் பதியத் தொடங்கியது 1867இலேதான். அதற்கு முந்தியவற்றுக்குக் கோவில் ஏடுகளே சாட்சி. முதுசம் எது, சீதனம் எது, தேடியதேட்டம் எது எனப் பிரிக்கும் தேசவழமை 1707இலே தொகுக்கப்பட்டது. எவர் எவரை எப்போது மணந்தார் என்று தெரியாவிடின் அச்சட்டத்தை வைத்துக்கொண்டு என் செய்வது?

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். கைக்குழந்தையைத் தூக்கியவர் கோவில் ஏட்டையுமா தூக்குவார்? இவ்வளவுக்குப் பின்னும் நம் கோவில்களில் எஞ்சியிருப்பவை எவையாயினும், ஒரே பிரதியாகப் பெட்டகத்துள் கிடப்பது பெருந்தவறு.

மூல ஏடு கோவிலிலேயே இருக்கட்டும். அதில் எவரும் கைவைக்க வேண்டியதில்லை. பக்கந்தோறும் படம்பிடித்து, ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திலும், இன்னொன்றை ஈழத்து நூல்களை 2005 முதல் மின்வடிவிற் பேணிவரும் நூலக நிறுவனத்திலும் வைத்தல் வேண்டும். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவு இதற்குப் போதும்.

“அது வேதக்காரர் பாடு” என்று சைவர் ஒதுங்கலாகாது. சைவராகிய வன்னியசிங்கத்தை 1947 முதல் 1959இல் அவர் மறையும்வரை தம் பிரதிநிதியாகக் கொண்ட இத்தொகுதி, அவருடைய தலைவர் செல்வநாயகம் கிறிஸ்தவர் என்பதை ஒருநாளும் குறையாகக் கண்டதில்லை.

கோவிற் சபையார் பெட்டகத்தைத் திறக்க இசைவரேல், பக்கம் புரட்டிப் படம்பிடிக்க இளைஞர் நால்வரை அடுத்த மாரிக்கு முன்னரே அனுப்ப நாம் ஆயத்தமாயுள்ளோம்.