லீடர்... தண்ணி குடிக்கலாமா?

காலேஜ் கேங்கோட ட்ரெக்கிங் ப்ளான் பண்ற லீடரா நீங்க? ஷூ, டார்ச், குளுக்கோஸ், ஃபாரஸ்ட் பெர்மிஷன்னு உங்க லிஸ்ட் பக்காவா இருக்கும். அதுல 'பாத்ரூம்'னு ஒரு வரி இருக்கா பாஸ்?

சிரிக்காதீங்க, மேட்டர் சீரியஸ். பசங்களுக்கு வழியில எந்த மரமும் ஓகே. கூட வர்ற பொண்ணுங்க நிறையப் பேர், காலையிலேர்ந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சிடறாங்க. (அந்தத் 'தண்ணி' இல்லீங்க... பச்சைத் தண்ணி!) 5, 6 மணி நேரம் அடக்கிக்கிட்டே மலை ஏறுறாங்க. மதியம் தலைசுத்தல், காலைப் பிடிச்சு இழுக்கும். ஊர் திரும்பினா சிலருக்கு யூரினரி இன்ஃபெக்‌ஷன். உடனே நம்ம ஆளுங்க கமென்ட், 'பொண்ணுங்களுக்கு ஸ்டாமினா பத்தாது மச்சி!' பத்தாம போனது தண்ணி, ஸ்டாமினா இல்லை.

கிளம்புறப்பவே எல்லார் முன்னாடியும் கூச்சப்படாம அறிவிச்சிடுங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஸ்டாப். போறவங்க பேக்கைப் பாதையோரம் வச்சிட்டுப் போகணும். பேக் இருக்கிற வரைக்கும் வேற யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. காடாச்சே, குரல் கேட்கிற தூரத்துல ஒரு துணை கட்டாயம். ஓடை, சுனைன்னா 200 அடியாவது தள்ளிப் போகணும். ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்ல பேண்டேஜ் பக்கத்துலயே நாப்கினும் இருக்கட்டும், யார்கிட்டயும் கேட்காம எடுத்துக்கிற மாதிரி. யூஸ் பண்ணினதைப் புதைக்க வேணாம், மிருகங்க தோண்டிடும். பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டுக் கீழே கொண்டு வந்துடலாம்.

அப்புறம் நம்ம ஹீரோக்கள். கேட்காமலே 'பேக்கைக் குடு, நான் தூக்குறேன்'னு பாய்வாங்க. மேப்பும் ஜி.பி.எஸ்.ஸும் பசங்க கையில, ஸ்டவ்வும் வெங்காயமும் பொண்ணுங்க கையில! தினமும் மாத்தி விடுங்க. மூச்சு வாங்கினாலும் 'வெயிட் பண்ணுங்கடா'னு சொல்ல வெட்கப்படுற பையனும் க்ரூப்ல இருப்பான். மெதுவா நடக்கிறவங்களை முன்னாடி விட்டா அவனும் பிழைப்பான்.

கேரளாவில் அகஸ்தியர்கூடம் உச்சிக்குப் பெண்கள் ட்ரெக்கிங் போக 2018 வரைக்கும் தடை இருந்துச்சு. ஐகோர்ட் உத்தரவுக்கு அப்புறம், 2019 ஜனவரியில தன்யா சனல் ஏறிக் காட்டினார். நம்ம ஊர்ல 2024-ல் 40 பாதைகளோட ஆரம்பிச்ச 'ட்ரெக் தமிழ்நாடு'ல, ஆண், பெண் வித்தியாசம் இல்லாம புக் பண்ணலாம். கேட் திறந்தாச்சு. ஆனா உள்ளே போன பிறகு ஒரு பொண்ணு தைரியமா பாட்டிலைத் திறக்கிறதும் மூடி வைக்கிறதும், லீடர் காலையில சொல்ற அந்த ரெண்டு நிமிஷப் பேச்சுலதான் இருக்கு.

டென்ட் மேட்டரும் அப்படித்தான். யார்கூடத் தங்க வசதின்னு முன்னாடியே தனித்தனியா மெசேஜ்ல கேட்டுடுங்க. மலை உச்சியில நின்னு 'பாய்ஸ் இந்தப் பக்கம், கேர்ள்ஸ் அந்தப் பக்கம்'னு கத்தினா, க்ரூப்ல இருக்கிற திருநங்கையோ திருநம்பியோ எந்தப் பக்கம் போவாங்க?

எனக்கு நாளைக்குத் தெர்மோ இன்டர்னல் ஃப்ரெண்ட்ஸ். அடுத்த வாரம் பார்ப்போம்!