எடிட்டர் சண்டையை விட்டுவிட்டு எர்ரரைப் படியுங்கள்!

பைத்தான் எழுதும் நான்கு பேர் டீக்கடையில் கூடினால் என்ன பேசுவார்கள்? டீ கைக்கு வருவதற்குள் ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "மச்சி, நீ எதுல கோட் அடிக்கிற?"

அவ்வளவுதான், தொடங்கியது திருவிழா. விம் ஆள் மௌஸைத் தொடுவதே பாவம் என்பார். பைசார்ம் ஆள் "ஒரு தடவை ரீஃபேக்டர் பண்ணிப் பாரு, அப்புறம் பேசு" என்பார். விஎஸ் கோட் ஆள் தான் போட்டிருக்கும் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவார். நான்காவது ஆள் வாயே திறக்க மாட்டார். அவர் பைத்தானுடன் இலவச இணைப்பாக வரும் ஐடிலில் எழுதுபவர். சொன்னால் சிரிப்பார்களோ என்று பயம். டீ ஆறிவிடும், சண்டை ஆறாது. அன்று இரவு நால்வரில் மூவருடைய நிரல் ஓடாமல் நிற்கும், அது தனிக்கதை :)

இந்தச் சண்டை புதியதும் அல்ல. விஐ எடிட்டரை பில் ஜாய் எழுதியது 1976-ல். ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு ஈமேக்ஸ் வந்தது 1985-ல். பைத்தானின் முதல் பதிப்பை கைடோ வான் ராசம் வெளியிட்ட அதே 1991-ல்தான் பிராம் மூலெனாரின் விம்மும் வெளிவந்தது. இருவருமே நெதர்லாந்துக்காரர்கள்! ஆக, பைத்தான் பிறந்தபோதே எடிட்டர் சண்டைக்கு வயதாகிவிட்டது. ஜெயித்தது யார்? யாரும் இல்லை. ஒரு காலத்தில் "இனி இதுதான்" என்று கொண்டாடப்பட்ட ஆட்டம் எடிட்டரை 2022 டிசம்பரில் மூடியே விட்டார்கள். அதற்காக இரவு முழுக்க வாதாடியவர்கள் மறுநாளே வேறு எடிட்டருக்கு மாறி, அதற்காக வாதாடத் தொடங்கிவிட்டார்கள்.

சும்மா அரட்டைதானே, இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றம் இருக்கிறது.

அடி வாங்குவது யார்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்திலிருந்து பொறியியல் முதலாண்டில் பைத்தான் உண்டு. மெக்கானிக்கல், சிவில் மாணவர்களும் படித்தாக வேண்டும். பள்ளியில் கணினியே படிக்காத ஒரு மாணவி சீனியர்களிடம் போய் "அண்ணா, பைத்தான் கத்துக்க என்ன வேணும்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் கிடைக்கும்?

ஒருவர் அனகோண்டா போடு என்பார். ஒருவர் முதலில் லினக்ஸ் போடு, விண்டோஸில் எழுதுவதெல்லாம் எழுத்தா என்பார். இன்னொருவர் விர்ச்சுவல் என்விரான்மென்ட் தெரியாமல் பைத்தானைத் தொடாதே என்பார். அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் இருப்பதோ 4 ஜிபி ராம். இரண்டு நாள் இன்ஸ்டால் செய்வதிலேயே போகும். மூன்றாம் நாள் பாத் சரியில்லை என்று ஒரு பிழை வரும். நான்காம் நாள் "கோடிங் எல்லாம் நமக்கு வராது" என்று மூடி வைத்துவிடுவார். அவர் இன்னும் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். எழுதிப் பார்க்காமலேயே தோற்றுவிட்டார்!

அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே வரிதான். "பைத்தானை இறக்கு, கூடவே ஐடில் வரும், அதில் எழுது." கேலி செய்யப்படும் அந்த ஐடிலை உருவாக்கியவர் வேறு யாருமல்ல, பைத்தானை உருவாக்கிய அதே கைடோ வான் ராசம். முதல் ஐம்பது நிரல்களுக்கு அது தாராளமாகப் போதும். இதைச் சொல்லாமல் தன் எடிட்டரைப் பிரசாரம் செய்பவர் உதவி செய்யவில்லை, ஆள் பிடிக்கிறார்.

ஒரே வரி வீரர்கள்

எடிட்டர் பேச்சு முடிந்தால் அடுத்தது டெக்னிக் பேச்சு. "இதை ஒரே வரியில எழுதிட்டேன் பாரு!" லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனுக்குள் இன்னொரு காம்ப்ரிஹென்ஷன், அதற்குள் ஒரு லாம்டா. எழுதியவருக்கே மறுவாரம் புரியாது. பைத்தானின் எழுத்து நடைக் கையேடான பெப் 8 வந்தது 2001-ல். அதன் அடிப்படையே, நிரல் எழுதப்படுவதைவிட அதிக முறை படிக்கப்படுகிறது என்ற கைடோவின் கருத்துதான். அந்தக் கையேட்டிலிருந்து நண்பர்கள் எடுத்துக்கொண்டது என்ன? ஒரு வரிக்கு 79 எழுத்தா, 88 எழுத்தா என்ற சண்டையை மட்டும்!

ஒரே வரிப் பெருமைக்கு ஒரு சின்னச் சோதனை. ஒரு சொல் இருபக்கமும் ஒன்றாகப் படிக்குமா என்று பார்க்கும் நிரலை லேபில் எல்லோரும் எழுதியிருப்பார்கள். சொல்லைத் திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றா என்று பார், ஒரே வரி. 'மலையாளம்' என்பதை ஆங்கில எழுத்தில் கொடுத்தால் "ஆம்" என்று சொல்லும். கைதட்டல். இப்போது அதே நிரலுக்கு 'விகடகவி' என்று தமிழில் கொடுங்கள். "இல்லை" என்று சொல்லும்!

தெனாலிராமன் கதை கேட்ட குழந்தைக்கும் தெரிந்த விஷயம் பைத்தானுக்குத் தெரியாதா? தெரியாது, ஏனென்றால் கேட்டவர் தப்பாகக் கேட்டிருக்கிறார். யூனிகோடில் 'வி' என்பது ஓர் எழுத்து அல்ல. வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு குறியீடுகள். நமக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் விகடகவி பைத்தானுக்கு ஏழு. திருப்பிப் போட்டால் இகரக் குறி முன்னால் வந்து தனியாக நிற்கும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டாலும் 3 வராது, 5 வரும். ஓப்பன்-தமிழ் போன்ற நிரலகத்தைக் கொண்டு முதலில் எழுத்து எழுத்தாகப் பிரித்து, பிறகு திருப்ப வேண்டும். அப்போது விகடகவி விகடகவியாகவே வரும்.

இந்தப் பிழையை எந்த எடிட்டர் காட்டும்? விம் காட்டாது. பைசார்ம் காட்டாது. நிரல் எழுத்துப் பிழையில்லாமல் ஓடுகிறது, விடைதான் தவறு. தன் மொழியின் ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்த்தவர் மட்டுமே கண்டுபிடிப்பார்.

ஒரு சார்ட் போடாததன் விலை

இது விளையாட்டுச் சொல்லோடு போய்விடும் என்று நினைக்க வேண்டாம். 2014-ல் வேதியியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டபோது அதற்கான பைத்தான் நிரல்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்ற ஆய்வகங்களும் அவற்றைப் பயன்படுத்தின. 2019-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதே நிரலை, அதே தரவுக் கோப்புகளுடன் வெவ்வேறு கணினிகளில் ஓட்டியது. விண்டோஸில் ஒரு விடை, உபுண்டுவில் வேறு விடை!

காரணம் என்ன தெரியுமா? ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட குளோப் என்ற மாட்யூலைப் பயன்படுத்தியிருந்தார்கள். அது கோப்புகளை எந்த வரிசையில் தரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பைத்தானின் ஆவணத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. வரிசை எப்போதும் ஒன்றாகவே வரும் என்று நிரல் நம்பிவிட்டது. எந்தக் கோப்பு எதற்கு ஜோடி என்பது கணினிக்குக் கணினி மாறிப்போனது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. தீர்வு? பட்டியலை ஒரு முறை சார்ட் செய்தால் போதும். ஒரே ஒரு சொல்.

அந்த நிரலை எழுதியவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்களுடைய கணினியில் அது சரியாகவே ஓடியது. "என் மெஷின்ல ஓடுதே!" என்பது டீக்கடையில் நகைச்சுவை, ஆய்வகத்தில் விபத்து.

பேச வேண்டியவை

டெக்னிக் பேச வேண்டுமா? தாராளமாகப் பேசுங்கள். இவற்றைப் பேசுங்கள்.

1. எர்ரர் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேலே படிப்பது. என்ன பிழை என்பது கடைசி வரியில் இருக்கும், எங்கே என்பது அதற்கு மேலே. பிழைச் செய்திகளைத் தெளிவாக்குவதற்கென்றே 2021-ல் வந்த 3.10 பதிப்பிலும் 2022-ல் வந்த 3.11 பதிப்பிலும் உழைத்திருக்கிறார்கள். வரியில் எந்த இடம் என்றுகூட அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. படிக்கத்தான் ஆளில்லை. சிவப்பு எழுத்தைப் பார்த்தவுடன் பக்கத்து நண்பனைக் கூப்பிடுவதே வழக்கம்.

2. ஃபங்ஷனின் இயல்பு மதிப்பாக வெற்று லிஸ்ட் கொடுப்பது. அந்த லிஸ்ட் ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு முறை பிறக்கிறது. முதல் மாணவரின் மதிப்பெண்கள் இரண்டாம் மாணவரின் பட்டியலில் போய் உட்கார்ந்திருக்கும். யாரும் தேடாத இடத்தில் இருக்கும் பிழை இது.

3. எந்தப் பிழை என்று சொல்லாமல் எல்லாவற்றையும் எக்செப்ட் போட்டுப் பிடித்து, உள்ளே பாஸ் என்று எழுதிவிடுவது. இது பிழையைச் சரிசெய்வதல்ல, குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவது. கன்ட்ரோல்-சி அழுத்தி நிரலை நிறுத்த முயன்றால் அதையும் விழுங்கிவிடும்.

4. பணத்தை ஃப்ளோட்டில் கணக்கிடுவது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். காசு எண்ண வேண்டுமானால் டெசிமல் மாட்யூல் இருக்கிறது, இல்லையென்றால் பைசாவாக மாற்றி முழு எண்ணில் கணக்கிடலாம்.

5. ஜூபிட்டர் நோட்புக்கைக் கொடுப்பதற்கு முன் ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது. 2019-ல் ஒரு ஆய்வுக்காக கிட்ஹப்பிலிருந்து சுமார் 14 லட்சம் நோட்புக்குகளை எடுத்தார்கள். ஓட்டிப் பார்க்கத் தகுந்தவற்றிலேயே ஏறத்தாழ 24 சதவீதம்தான் பிழையில்லாமல் ஓடின. முன்பு காட்டிய அதே விடையைக் கொடுத்தவை வெறும் 4 சதவீதம். செல்களை முன்னும் பின்னுமாக ஓட்டிவிட்டு "ரிசல்ட் வந்துடுச்சு" என்பவர்களுக்கு இந்த எண்ணே பதில்.

அப்படியானால் கருவியே வேண்டாமா?

அப்படி இல்லை. நல்ல கருவி நேரத்தை மிச்சப்படுத்தும். மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது பிழைகளை ரஃப், பைலின்ட் போன்றவை கண்டுபிடித்துச் சொல்லும். சண்டையை முடித்து வைக்கும் கருவிகளும் உண்டு. 2018-ல் வந்த பிளாக், நிரலைத் தன் பாணியில் தானே அடுக்கிவிடும். இடைவெளி எங்கே, மேற்கோள் குறி எது என்ற வாதத்துக்கே இடமில்லை. டேப்பா ஸ்பேஸா என்ற பழைய சண்டைக்கும் பைத்தான் 3 ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது. இரண்டையும் குழப்பிக் கலந்தால் நிரல் ஓடவே ஓடாது. ஆக, கருவி வேலை செய்ய வேண்டும், மனிதர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

பிரிண்ட் போட்டுப் பிழை தேடுபவரைப் பார்த்து டீபக்கர் ஆட்கள் சிரிப்பதும் தேவையில்லாதது. பிரிண்ட் ஒன்றும் கேவலமில்லை. 2018-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து பிரேக்பாயின்ட் என்று ஒரு வரி எழுதினாலே நிரல் அந்த இடத்தில் நின்று மாறிகளைக் காட்டும் என்பதைச் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தால், கேட்பவர் கற்றுக்கொண்டு போவார்.

இப்போது சண்டை இடம் மாறியிருக்கிறது. விம்மா ஈமேக்ஸா என்பது போய், எந்த ஏஐ நல்ல கோட் எழுதும் என்பது வந்துவிட்டது. கிட்ஹப் கோபைலட் 2021-ல் அறிமுகமானதிலிருந்து நிரலை எழுதித் தர இயந்திரமே இருக்கிறது. நல்லது. ஆனால் அது எழுதித் தந்ததைப் படித்து, "இது வரிசையை நம்புகிறதா? தமிழ் எழுத்துக்கு என்ன ஆகும்? வெற்று லிஸ்ட் எங்கே பிறக்கிறது?" என்று கேட்கப்போவது யார்? எழுதும் வேலை குறையும்போது படிக்கும் வேலை கூடுகிறது. படிக்கப் பழகாதவர் கையில் எந்தக் கருவியும் வேகமாகத் தப்பு செய்யும் கருவிதான்.

எனவே அடுத்த முறை டீக்கடையில் கூடும்போது "நீ எதுல கோட் அடிக்கிற?" என்று கேட்காதீர்கள். "நேத்து உன் கோட் எங்க உடைஞ்சுது, எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேளுங்கள். வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்த நான்காவது ஆளிடம் முதலில் கேளுங்கள். நிறைய வைத்திருப்பார்.