மண்ணைக் கேட்டீர்களா?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் நம் பெரியோர்களுக்கு ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம் ஞாபகம் வரும். இக்காலத்து வாலிபர்களுக்கோ மோட்டார்த் தொழிற்சாலைகள்தான் ஞாபகம் வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டிலும் கார்கள் உற்பத்தியாகி வெளிவரத் தொடங்கின. அன்று முதல் இப்பக்கத்தில் நிலத்தின் விலையை எல்லாரும் விசாரிக்கிறார்கள். நிலத்தின் குணத்தை விசாரிப்பவர்தாம் அபூர்வம்.

சென்ற மாதம் ஒரகடத்துக்கு அருகில் புது வீடு கட்டியிருக்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கச் சென்றிருந்தோம். கிரகப் பிரவேசம் நடந்து இரண்டு மழைக்காலங்கள்தாம் ஆகியிருந்தன. அதற்குள் வடகிழக்கு மூலைச் சுவரில் ஒரு விரிசல், ஜன்னல் முனையிலிருந்து தரைவரை சாய்வாக இறங்கியிருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை அதில் தாராளமாகச் செருகலாம். நண்பர் சிமெண்டை வைதார், கம்பியை வைதார், கொத்தனாரை வைதார். வாஸ்து நிபுணர் ஒருவர் வந்து, சமையலறையை இடம் மாற்றினால் விரிசல் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

வேலி ஓரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா! இந்த மூலை வாய்க்கால் போன இடம். சின்ன வயசிலே இங்கேதான் நண்டு பிடிப்போம்" என்றார் சாவதானமாக.

நண்பருடைய புதல்வன் எஞ்சினீயரிங் கலாசாலையில் மூன்றாம் ஆண்டு மாணவன். மண் இயக்கவியல் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவன். "தம்பி! உங்கள் வீட்டுக்குக் கீழே என்ன மண் இருக்கிறது?" என்று கேட்டோம். பையன் மண்ணின் வகைகளை ஒன்று விடாமல் ஒப்பித்தான். "அதெல்லாம் சரி, இங்கே என்ன மண்?" என்றோம். "அது பாடத்தில் இல்லை, மாமா" என்றான்.

பையனைக் குறை சொல்லுவதில் பயனில்லை. அவனுக்கு விடைகளைக் கற்பித்திருந்தார்கள், கேள்வியைக் கற்பிக்கவில்லை. ஆகையால் கடப்பாரையும் மண்வெட்டியும் வாங்கிக்கொண்டு, மூலைக்குச் சற்றுத் தள்ளி ஒரு குழி தோண்டச் சொன்னோம். நாம் நிழலில் நின்று உற்சாகப்படுத்தினோம் என்பதையும் உண்மையை உத்தேசித்துச் சொல்லிவிடுகிறோம்.

மேலே இரண்டு முழம் சவுடு. அதில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக் பையும் கலந்திருந்தன. கீழே கறுத்த களிமண். வீட்டின் மற்ற மூலைகளிலோ ஒரு முழத்திலேயே கெட்டியான பூர்வீகத் தரை தட்டுப்பட்டது. வீடு முழுவதும் சமமாக இறங்கியிருந்தால் ஒரு தீங்கும் நேர்ந்திராது. மூன்று மூலைகள் நிற்க, ஒரு மூலை மாத்திரம் இறங்கியதால் சுவர் பிளந்தது.

இந்தச் சாஸ்திரத்தின் அடிப்படை மிகவும் எளியது. மண் என்பது ஒரு பொருள் அன்று, மூன்று பொருள்கள். பரல்கள், பரல்களுக்கு இடையே தண்ணீர், மிச்ச இடத்தில் காற்று. காற்று மிகுந்திருக்கும் மண்ணைத் திமிசுக் கட்டையால் இடித்தால் அது இறுகும். அப்படி இடிக்காமல் லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனால், பிறகு மழையும் வீட்டின் பாரமும் அந்த வேலையைச் செய்யும். ஆனால் அப்போது மேலே நாம் குடியிருப்போம்!

களிமண்ணின் விஷயம் வேறு. தயிரைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டால், தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து, மூட்டை சிறுத்துப் போகிறதல்லவா? நீர் நிறைந்த களிமண்ணின்மேல் பாரத்தை ஏற்றினால் முதலில் அதைத் தாங்குவது இடையிலுள்ள தண்ணீரே. தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேற, பாரம் பரல்களின்மேல் வந்து சேருகிறது, மண் அமுங்குகிறது. இதற்கு மாதங்களாகலாம், வருஷங்களும் ஆகலாம். மண்ணுக்குப் பலம் தருவது பரலும் பரலும் அழுந்தி நிற்கும் அந்த அழுத்தமே. பிராக் நகரில் 1883-இல் பிறந்த கார்ல் டெர்ஸாகி என்பவர் இந்த உண்மையைக் கண்டு, 1925-இல் வியன்னாவில் நூலாக வெளியிட்டார். இஸ்தான்புல் நகரில் உபாத்தியாயராக இருந்தபோது, கைக்குக் கிடைத்த எளிய சாமான்களைக்கொண்டே பல சோதனைகளை அவர் செய்தார். பெரிய பரிசோதனைச்சாலை இல்லையே என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை.

இவை யாவும் மேனாட்டார் சொத்து என்று எண்ண வேண்டாம். காவேரியின் அடி காணாத மணலில் கல்லணையை நிறுத்தியவர்கள் நம் முன்னோர்கள். தளர்ந்த மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அதிலிருந்தே கற்றதாக ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டிருக்கிறார். கோதாவரியில் தௌலேஸ்வரம் அணையைக் கட்டிய எஞ்சினீயர் அவர். அந்நிய ராஜாங்கத்து எஞ்சினீயர் நம்மிடம் கற்றுக்கொண்டதை நாம் மறந்துவிட்டோமென்றால், அதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

ஸ்ரீபெரும்புதூர்ச் சீமை ஏரிகள் நிறைந்த சீமை. ஒரு மனைக்கும் அடுத்த மனைக்கும் மண் மாறுகிறது. ஆழத்திலோ, செடிகொடிகளின் சுவடு பதிந்த பழம்பாறைகள் இருக்கின்றன. பத்துக் கோடி வருஷங்களுக்கும் மேற்பட்ட அவற்றுக்குப் பூகர்ப்ப சாஸ்திரிகள் இவ்வூரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பெரிய தொழிற்சாலை கட்டுவோர் துளையிட்டுப் பார்க்கிறார்கள். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுகிறார்கள். ஆயுள் முழுதும் சேர்த்த பணத்தில் வீடு கட்டும் குடும்பஸ்தர்தாம் ஒன்றும் பாராமல் வானம் தோண்டுகிறார்.

2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, போரூருக்கு அருகில் மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் மாண்டனர். அவர்களில் பலர் பிழைப்புக்காக வந்த ஏழைத் தொழிலாளிகள். அந்த விபத்துக்கு மண் ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. கட்டிட சாஸ்திரத்தில் அலட்சியம் புகுந்தால் அதன் விலை என்ன என்பதற்கே அதைச் சொல்லுகிறோம். பரீட்சைத் தாளில் தவறினால் மார்க்கு போகும். கடைக்காலில் தவறினால் பிறர் உயிர் போகும்.

அண்ணா பல்கலைக் கழகம் 2010-ஆம் ஆண்டில் கட்டிடத் துறை எஞ்சினீயரிங்கைத் தமிழில் போதிக்கத் தொடங்கியது. மிகவும் சந்தோஷம். ஆனால் பாஷை மாறினால் மாத்திரம் போதாது. மாணவனுடைய கையில் மண்ணும் ஒட்ட வேண்டும். களிமண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் திரியாக உருட்டி, மூன்று மில்லிமீட்டர் கனத்தில் எப்போது உதிர்கிறது என்று பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு காசு செலவில்லை. அந்தக் கிழவரைப் போன்றவர்களிடம், "இங்கே முன்பு என்ன இருந்தது?" என்று கேட்பதற்கும் செலவில்லை.

நண்பர் இப்போது கூரைத் தண்ணீரை அந்த மூலையில் விழாமல் தூரத்தில் வடியச் செய்திருக்கிறார். அஸ்திவாரத்தைப் பலப்படுத்த அனுபவமுள்ள எஞ்சினீயர் ஒருவரையும் அழைத்திருக்கிறார். பையனோ வீட்டைச் சுற்றி மேலும் நான்கு குழிகள் தோண்டிவிட்டானாம்.

"தோட்டமே பாழாகிவிட்டது!" என்று அவன் தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அம்மணி மன்னிக்க வேண்டும். உங்கள் குமாரன் இப்பொழுதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறான்.