தகுதி பேசுவோர் சத்யம் வழக்கைப் படிக்கட்டும்

தனியார் துறையில் இட ஒதுக்கீடு என்று நாம் வாய் திறந்தால் போதும், 'தகுதி போச்சு, திறமை போச்சு' என்று ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. ஒப்பாரி வைப்பவர்கள் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் வழக்கை ஒருமுறை படிக்கட்டும்.

2008 டிசம்பர் 16. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனம், அதன் தலைவர் ராமலிங்க ராஜு குடும்பத்தின் பிடியில் இருந்த இரண்டு மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க முடிவெடுத்தது. பங்குதாரர்களின் பணம் தலைவரின் குடும்பத்துக்கே போகும் திட்டம் இது. ஒப்புதல் தந்த இயக்குநர் குழுவில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார். இந்திய வணிகப் பள்ளியின் தலைவர் இருந்தார். முன்னாள் மத்திய அமைச்சரவைச் செயலாளர் இருந்தார். பங்குதாரர்கள் கொதித்தெழுந்த பிறகே திட்டம் கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய்க்கணக்கு எழுதியதை ராஜுவே ஒப்புக்கொண்டார்.

சத்யம் நியூயார்க் பங்குச்சந்தையிலும் இருந்ததால், நிறுவனம், இயக்குநர்கள், தணிக்கையாளர்கள் மீது அமெரிக்காவில் பங்குதாரர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். 2011இல் சத்யம் 12.5 கோடி டாலரும், தணிக்கை செய்த பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் தரப்பு 2.55 கோடி டாலரும் தர ஒப்புக்கொண்டன. இங்கே பங்கு வாங்கிய சிறு முதலீட்டாளர்களுக்காக ஒரு சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போயும் பலனில்லை. ஒரே மோசடியில் ஏமாந்தவர்களுக்குள்ளும் படிநிலை!

தணிக்கைக் குழு இயக்குநர்கள் மீதான வழக்கை நியூயார்க் நீதிமன்றம் 2013இல் தள்ளுபடி செய்தது. மோசடி அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லையாம். சரி, ஏற்போம். கணக்கைக் கண்காணிக்கத்தான் அந்த நாற்காலி. ஆண்டுக்கணக்கில் நடந்த களவு கண்ணில் படவில்லை என்றால், எந்தத் தகுதிக்கு அந்த நாற்காலி?

அந்த நாற்காலிகளில் யார் உட்காருகிறார்கள்? இந்தியாவின் 1,000 பெரிய நிறுவனங்களின் இயக்குநர்களை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2012இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வெளிவந்தது. சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான். இதற்குப் பெயர் தகுதியா, அக்ரகாரமா?

'நம்மிடம் ஏது பங்கு, நமக்கு ஏன் இந்த வம்பு?' என்று நினைக்காதீர்கள் தோழர்களே. 2015 முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி பங்குச்சந்தைக்குப் போகிறது. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் பணமும் அதில் உண்டு. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 245ஆம் பிரிவு, கூட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையைப் பங்குதாரருக்கும் வைப்பீட்டாளருக்கும் தருகிறது. அந்தத் தொழிலாளி இரண்டிலும் சேரமாட்டார். பணம் அவருடையது, கேள்வி கேட்கும் உரிமை மட்டும் இல்லை.

அதே சட்டத்தின் 149ஆம் பிரிவு, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஒரு பெண் இயக்குநராவது இருக்க வேண்டும் என்கிறது. எந்த நிறுவனமும் அதனால் மூழ்கவில்லை. பெண்ணுக்கு நாற்காலி போடச் சட்டத்தால் முடியும் என்றால், தலித்துக்கும் பழங்குடிக்கும் ஏன் முடியாது?

தலித் இயக்குநர் வந்தால் மோசடி ஒழியும் என்று நாம் சொல்லவில்லை. நேர்மை எந்தச் சாதிக்கும் பரம்பரைச் சொத்தல்ல. தகுதியும் அப்படித்தான். அடுத்த முறை வகுப்பறையிலோ விவாத மேடையிலோ தகுதி பற்றி யாராவது பாடம் எடுத்தால், சத்யத்தின் இயக்குநர் பட்டியலை நீட்டுங்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமல்ல, அவர்கள்.