வானத்தில் தேமல்



சென்ற இதழின் அட்டை நினைவிருக்கும். மாசி மகத் தீர்த்தவாரிக்காக ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கிள்ளைக் கடற்கரைக்குப் புறப்பட்ட பூவராகர். குடைக்கு மேலே பரந்து கிடக்கும் நீல வானம். இதழ் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு வாசகி எழுதிவிட்டார்: "பெருமாள் அழகு. வானத்தில்தான் தேமல் விழுந்திருக்கிறது."

அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். உண்மைதான். வெளிறிய திட்டுகள், வானம் நெடுக.

அச்சகத்தில் ஷீட்டின் ஓரத்து வண்ணப்பட்டையில், மையின் அடர்த்தியை அளக்கும் டென்சிடோமீட்டரை வைத்துக் காட்டினார்கள். எண்ணில் குறையில்லை. சில மில்லிமீட்டர் வட்டத்துக்குள் உள்ளதைச் சராசரியாக்கித்தான் அந்தக் கருவி சொல்லும். மை போதுமா என்று கேட்டால் பதில் கிடைக்கும்; சீராகப் படிந்ததா என்பது வேறு கேள்வி. தாள் ஓரிடத்தில் மையைக் கூடுதலாகவும் பக்கத்திலேயே குறைவாகவும் உறிஞ்சினால் போதும், தேமல் விழுந்துவிடும். அச்சுத் தொழிலில் இதை மாட்லிங் என்பார்கள்.

தேமலை அளக்கவும் முறை இருக்கிறது. 2001-இல் வந்த ஐ.எஸ்.ஓ. 13660 தரநிலைப்படி, ஸ்கேன் செய்த பரப்பில் அரை அங்குலச் சதுரம் ஒன்றை 100 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் அடர்த்தி எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. படிக்கும் தூரத்தில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் மாறிவரும் திட்டுகள்தான் அதற்குச் சட்டென்று உறுத்தும். அதைவிடப் பொடியானவை கலந்து மறைந்துவிடும். மெல்ல மெல்ல மாறும் நிறத்தையும் கண் கண்டுகொள்ளாது. ஆகவே பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்ணின் இந்த இயல்பையும் கணக்கில் சேர்த்தார்கள். பல பேரிடம் மாதிரிகளைக் கொடுத்துத் தர வரிசைப்படுத்தச் சொல்லி, கருவியின் எண் அந்த வரிசையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்கள். எனக்கு இதுதான் சரியான நியாயமாகப் படுகிறது. கருவிக்குச் சலிப்பில்லை, நூறு ஷீட் பார்த்தபின் நம் கண் சோர்ந்துவிடும். ஆனால் அது வானம் என்று கருவிக்குத் தெரியாது. அதே திட்டு பக்தர் கூட்டத்தின் மேல் விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த இதழின் அட்டையில் அதே பூவராகர் கோயிலின் மண்டபத் தூண். பின்னணி முழுக்கக் கறுப்பு. அச்சான முதல் ஷீட்டை வாசலுக்கு எடுத்துவந்து, பைண்டிங் செய்யும் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தவர், தூணின் இடப்பக்கம் விரல் வைத்தார். தாளை மாற்றிய பிறகே மெஷின் மறுபடி ஓடியது.

முதல் பிரதியை ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்பியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்