பிரிப்பதற்கு முன் அளத்தல்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாறு ஆலுவாவின் வீதிகளுக்குள் புகுந்தது. அருகிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையமே ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய காரில் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்பினால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

கட்டி முடித்த வண்டியில் சில நாட்களுக்குள் கூலன்ட் குறைந்தால், பழி உடனே ஹெட் கேஸ்கெட்டின் மீது விழுகிறது. உரிமையாளர் மெக்கானிக்கின் கைவேலையை ஐயுறுகிறார். மெக்கானிக் எஞ்சினை மறுபடியும் திறக்கிறார். இது தொழில்நுட்பப் பிழை மட்டுமன்று; அனுமானப் பிழையும் ஆகும்.

மணிமேகலையின் 29ஆம் காதை அளவையியலைப் பேசுகிறது. ஆவியா, பனியா என்ற ஐயம் தீராமலே அதைப் புகையெனக் கொண்டு நெருப்பைத் துணிவதை, குறையுள்ள ஏது என்று அது விலக்குகிறது. மழைக்காலக் காலையில் சைலன்சர் கக்கும் வெண்ணிற ஆவிக்கும் இது பொருந்தும். எரிபொருள் எரிகையில் இயல்பாக உண்டாகும் நீராவி, எஞ்சின் சூடேறியதும் கண்ணுக்கு மறையும். சூடேறிய பின்னும் இனிப்பு வாடையுடன் தொடரும் வெண்புகையே கூலன்ட் எரிவதைச் சுட்டும் ஏது.

பிற காரணங்களையும் வரிசையாக விலக்கியாக வேண்டும். புதிதாகக் கட்டிய எஞ்சினின் நீர்ப்பாதைகளில் காற்று சிறைப்பட்டிருக்கும். முதல் சில ஓட்டங்களில் அது வெளியேறும்போது கூலன்ட் மட்டம் இறங்குவது இயல்பே. எஞ்சின் குளிர்ந்த நிலையில் குறியிட்டு நிரப்பி வந்தால், மட்டம் விரைவில் நிலைபெறும். அடுத்தது வெள்ளத்தின் எச்சம். குளிர்விப்புச் சுற்று மூடப்பட்டது. சேற்றுநீர் அதனுள் எளிதில் புகாது. ஆனால் ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையே வண்டல் அடைத்துக்கொள்ளும். விசிறியின் மின்னிணைப்பு அரிக்கப்படும். வெப்பம் மிகுந்து, மூடி வழியே கூலன்ட் வெளியேறும். அப்போது கேஸ்கெட் குற்றமற்றது.

இவை இல்லையென்றால் அழுத்தச் சோதனை. குளிர்ந்த எஞ்சினில், ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தத்தை, பெரும்பாலும் ஏறத்தாழ 1 பார், கைப்பம்பால் ஏற்றி 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் ஹோஸ் இணைப்புகள், வாட்டர் பம்ப், வண்டிக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என ஈரத்தைத் தேடலாம். எங்கும் ஈரமில்லையென்றால், ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை நீலநிறச் சோதனைத் திரவத்தின் வழியே இழுக்க வேண்டும். எரிப்பறையிலிருந்து கரியமில வாயு கலந்திருந்தால், பெட்ரோல் எஞ்சினில் அந்த நீலம் மஞ்சளாகும். ஹெட்டைத் திறக்கும் நியாயம் அப்போதுதான் பிறக்கிறது. திறந்த பின்னும் புதுக் கேஸ்கெட் மட்டும் விடையாகாது. ஹெட்டின் சமதளத்தை நேர்விளிம்பு வைத்து அளக்க வேண்டும், போல்ட்டுகளின் நிலையையும் பார்க்க வேண்டும்.

தாமதம் ஆபத்தல்லவா என்று கேட்கலாம். ஒரு நிலையில் ஆம். ஆயில் அளவுகோலில் பால்தேநீர் நிறம் தெரிந்தால் வண்டியை மேலும் ஓட்டக்கூடாது. கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். மற்ற நிலைகளில், வெப்பமானியைக் கவனித்தபடி அளந்து காத்திருப்பதே சிக்கனம்.

ஆனால் காத்திருப்பதற்குக் கூலி கிடைப்பது அரிது. உதிரிப்பாகத்துக்கு விலையுண்டு, கழற்றி மாட்டக் கூலியுண்டு. சிந்தித்து விலக்கிய காரணங்களுக்கு ரசீதில் இடமில்லை. எஞ்சினைத் திறப்பதற்கே ஊதியம் என்றால் எஞ்சின்கள் திறக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். நோயறிதலைத் தனி வேலையாகக் கருதிக் கூலி தர வேண்டும். எந்தச் சோதனையில் என்ன கிடைத்தது என்பதை மெக்கானிக் எழுதித் தர வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இவ்வரிசை தனிப் பாடமாகட்டும். தர்க்கம் பயிலும் மாணவர்களும் இதை வாசிக்கலாம். உரிமையாளரின் சேமிப்பையும் மெக்கானிக்கின் நற்பெயரையும் ஒருசேரக் காப்பது அந்த ஒற்றைத் தாளே.